பட்டியலில் பெயர் ஏன் இல்லை? நெல்லைச் சீமையில் குடிசை, பட்டா, வீட்டுத் திட்டம்: ஒரு விளக்கம்

கிராம சபையில் வீட்டுத் திட்டப் பயனாளிகள் பட்டியலை வாசிக்கும்போது நெல்லை மாவட்டத்தின் பல ஊர்களில் ஒரே கேள்வி எழும்புகிறது. "அவங்களுக்கு வந்திருக்கு, எங்களுக்கு ஏன் வரல? எங்க வீடு அதைவிட மோசமாத்தானே கெடக்கு?" கேட்பவர் சொல்வது பெரும்பாலும் உண்மை. மழைக்கு ஒழுகும் வீடு, விரிசல் விட்ட சுவர், ஒரே அறையில் மூன்று தலைமுறை என எல்லாம் இருந்தும் பெயர் வருவதில்லை. உடனே சிபாரிசு, கமிஷன் என்று பேச்சு திரும்பிவிடும். அப்படி நடக்கும் இடங்களும் உண்டு. ஆனால் எல்லாம் நேர்மையாக நடந்தாலும்கூட, விதிகளே பலரை வெளியே நிறுத்துகின்றன. அது எப்படி என்று அடியிலிருந்து பார்ப்போம்.

எது குடிசை, எது குடிசை இல்லை

மோசமான வீடு என்று நாம் சொல்வதும், அரசுத் திட்டம் குடிசை என்று எழுதிக்கொள்வதும் ஒன்றல்ல. நம் பக்கத்தில் ஏழைகள் இருக்கும் வீடுகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. ஓலை வீடு. செம்மண் சுவர், மேலே பனை ஓலை அல்லது தென்னங்கீற்று. ராதாபுரம், திசையன்விளை, நாங்குநேரிப் பக்கம் பனை ஓலைதான் அதிகம். வெயிலுக்கு இதம், ஆனால் சில வருடங்களுக்கு ஒருமுறை கூரையை மாற்றியாக வேண்டும். பனையேறுகிறவர்கள் குறைந்துவிட்டதால் ஓலை கிடைப்பதும் கஷ்டம், வேய ஆள் கிடைப்பதும் கஷ்டம்.

2. ஷீட் வீடு. ஓலை மாற்றி மாற்றிச் சலித்துப்போனவர்கள் கடன் வாங்கி ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகர ஷீட் போட்டிருப்பார்கள். சுவர் அதே மண் சுவர்தான். சித்திரை வெயிலில் பகலில் உள்ளே உட்கார முடியாது.

3. பழைய தொகுப்பு வீடு. இருபது, முப்பது வருடங்களுக்கு முன் அரசே கட்டிக்கொடுத்த கான்கிரீட் வீடு. கூரையில் கம்பி துருப்பிடித்து, காரை பெயர்ந்து விழும். இரவில் பிள்ளைகளை எந்த ஓரத்தில் படுக்க வைப்பது என்று யோசிக்க வேண்டிய வீடுகள் இவை.

2024-25 மாநில நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டம் முதல் வகைக்கானது. 2030க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு, ஊரகப் பகுதியில் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள், முதல் கட்டமாக ஒரு லட்சம் வீடுகள், வீடு ஒன்றுக்கு 3.50 லட்சம் ரூபாய் என்பது அதன் அளவு. குடியிருப்பது குடிசையாக இருக்க வேண்டும், மனை சொந்தமாக இருக்க வேண்டும் என்பவை அடிப்படை நிபந்தனைகள்.

மத்திய அரசின் பிரதமர் வீட்டு வசதித் திட்டம் (ஊரகம்) 2016இல், பழைய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டத்தின் இடத்தில் வந்தது. கூரையும் சுவரும் கச்சாவாக, அதாவது மண், ஓலை போன்ற உறுதியற்ற பொருளால் இருக்கும், இரண்டு அறைக்கு மேல் இல்லாத வீடுகள்தான் அதன் கணக்கு. பயனாளிகளை 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்தார்கள்; விடுபட்டவர்களுக்காக 2018இல் ஒரு கூடுதல் பட்டியல் போட்டார்கள். அதற்குப் பிறகு கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

இதில் என்னை மிகவும் உறுத்துவது இரண்டாம் வகைதான். பீடி சுற்றியோ வயல் வேலைக்குப் போயோ சேர்த்த காசோடு வட்டிக்கும் வாங்கி, ஒழுகும் ஓலையை எடுத்துவிட்டு ஷீட் போட்ட குடும்பம், அந்த ஒரு காரியத்தாலேயே குடிசை என்ற வரையறையிலிருந்து வெளியேறிவிடுகிறது. ஓலையை மாற்றாமல் காத்திருந்த பக்கத்து வீடு உள்ளே இருக்கிறது. இரண்டு குடும்பத்தின் வருமானமும் ஒன்றுதான், சுவரும் ஒன்றுதான். கூரையை மட்டும் பார்த்து வறுமையை அளந்தால் இப்படித்தான் ஆகும்.

மூன்றாம் வகைக்கு நீண்ட காலம் வழியே இல்லாமல் இருந்தது. அரசு ஒருமுறை வீடு கொடுத்துவிட்டது, அதனால் மறுபடி கிடையாது என்பதே பதில். 2001க்கு முன் கட்டிய ஊரக வீடுகளைப் பழுதுபார்க்க 2024-25இல் ஒரு திட்டம் வந்தது. பழுதுபார்க்கவே முடியாதவற்றை இடித்துக் கட்ட 2025-26இல் முதல்வரின் வீடுகள் மறுகட்டுமானத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 25,000 வீடுகளுக்கு 600 கோடி ரூபாய். சராசரியாக வீட்டுக்கு 2.40 லட்சம்.

பெயர் பல, இலக்கு ஒன்று

தமிழ்நாட்டில் வீட்டுத் திட்டங்களின் பெயர் ஆட்சிக்கு ஆட்சி மாறியிருக்கிறது. 2010இல் வந்த கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 21 லட்சம் குடிசைகளை ஆறு ஆண்டுகளில் கான்கிரீட் ஆக்குவோம் என்றது. 2011இல் ஆட்சி மாறியதும் அது நின்று, சூரிய ஒளி விளக்குகளோடு கூடிய 300 சதுர அடிப் பசுமை வீடு வந்தது, தொடக்கத்தில் 1.80 லட்சம், பிறகு 2.10 லட்சம். ஒவ்வொரு முறை பெயர் மாறும்போதும் பட்டியல் புதிதாகிறது, விதி புதிதாகிறது. பாதியில் நின்ற சுவர்களைப் பல ஊர்களில் இன்றைக்கும் பார்க்கலாம். உள்ளே உடைமரம் முளைத்திருக்கும்.

முதல் சிக்கல்: மனை

இங்கேதான் மிக அதிகம் பேர் நின்றுபோகிறார்கள். இந்த ஊரகத் திட்டங்களில் அரசு கொடுப்பது வீடு அல்ல, கட்டுவதற்கான பணம். கட்டும் இடம் உங்களுடையது என்று காட்டியாக வேண்டும். அந்தக் காகிதம்தான் பட்டா. நெல்லை மாவட்டத்தில் குடிசைகள் நிற்கும் நிலங்கள் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்:

1. கிராம நத்தம். ஊர் குடியிருப்புக்கென்று காலங்காலமாக ஒதுக்கப்பட்ட இடம். இது இருப்பதில் எளிதானது. ஆனால் பட்டா தாத்தா பெயரில் இருக்கும். அவருக்கு நான்கு மக்கள், அவர்களுக்குப் பத்துப் பேரன் பேத்திகள். வாரிசுச் சான்று எடுத்து, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்க வேண்டும். ஒருவர் மும்பையில், ஒருவர் துபாயில், ஒருவரோடு பேச்சுவார்த்தையே இல்லை என்றால் மனை அப்படியே கிடக்கும். புருஷனை இழந்த பெண்களுக்கு இந்த இடத்தில்தான் கதவு அடைபடுகிறது. கணவர் வீட்டார் கையெழுத்துப் போடாவிட்டால் அந்தப் பெண் குடியிருக்கும் குடிசைக்கு அடியில் உள்ள மண்ணுக்குக் காகிதம் கிடையாது.

2. ஒப்படைப் பட்டா. நிலமில்லாதவர்களுக்கு அரசு இலவசமாகக் கொடுக்கும் வீட்டுமனை. ஆதிதிராவிடர் குடியிருப்புகளுக்கு நிலம் எடுக்க 1978இல் தனிச் சட்டமே வந்தது. சிக்கல் என்னவென்றால், பட்டாவைக் கையில் கொடுத்துவிட்டு இடத்தை அளந்து காட்டாமல் விட்ட ஊர்கள் உண்டு. காகிதம் பெட்டியில் இருக்கும். எந்த நான்கு கல்லுக்குள் தன் மனை என்று தெரியாது.

3. நீர்நிலைப் புறம்போக்கு. குளத்துக் கரை, வாய்க்கால் கரை, ஓடை ஓரம். தாமிரபரணிப் பாசனத்தில் குளமும் வாய்க்காலும் நிறைந்த ஊர்களில் நிலமில்லாதவர் ஒதுங்கிய இடம் இதுதான். 2007ஆம் ஆண்டுக் குளங்கள் பாதுகாப்புச் சட்டமும் நீதிமன்ற உத்தரவுகளும் இருப்பதால் இங்கே பட்டா கிடைக்காது. மூன்று தலைமுறை குடியிருந்தாலும் கிடைக்காது. வேறு இடத்தில் மனை கொடுத்தால்தான் வழி.

4. கோயில் நிலம், பிறர் நிலம். வாடகை கட்டியோ கட்டாமலோ இருப்பார்கள். கட்டடம் அவர்களுடையது, மண் அவர்களுடையதல்ல.

ஆட்சேபணையற்ற புறம்போக்கில், அதாவது நீர்நிலை போன்ற பொதுத் தேவைக்கு ஒதுக்கப்படாத அரசு நிலத்தில், இருப்பவர்களுக்குப் பட்டா கொடுக்க அவ்வப்போது அரசு விதியைத் தளர்த்துகிறது. 2025 பிப்ரவரியில் தமிழக அமைச்சரவை, நெடுங்காலச் சிக்கலில் இருந்த 86,000 பேருக்குப் பட்டா வழங்க முடிவெடுத்தபோது சென்னை சுற்றுவட்டாரத்தோடு மதுரை, நெல்லை போன்ற மாநகராட்சிப் பகுதிகளும் சேர்ந்தன. நல்ல முடிவுதான். ஆனால் குளத்துக்கரைக் குடிசைக்கு அது எதையும் மாற்றாது.

பீடித் தொழிலாளர்களுக்கு மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் வீட்டு மானியம் தனியாக இருந்தது. 2016இல் அதை 1.50 லட்சமாகத் திருத்தினார்கள். மேலப்பாளையம், முக்கூடல் பக்கம் அதை நம்பியிருந்த பெண்கள் ஏராளம். அதற்கும் மனைதான் முதல் நிபந்தனை.

இரண்டாம் சிக்கல்: தவணை

சரி, மனை இருக்கிறது, பட்டியலில் பெயரும் வந்துவிட்டது. இனி கணக்கைப் பார்ப்போம்.

கனவு இல்லத்தின் பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை, மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போட்டுக்கொள்ளலாம். 3.50 லட்சத்தை 360ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 972 ரூபாய். பிரதமர் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு அடிப்படைத் தொகை 1.20 லட்சம், மத்திய அரசு 60 பங்கு, மாநிலம் 40 பங்கு. அந்தத் தொகையில் கான்கிரீட் கூரை போட முடியாது என்பதால் தமிழ்நாடு அரசு கூடுதலாக 1.20 லட்சம் சேர்த்தது. 2.40 லட்சத்தைக் குறைந்தபட்சப் பரப்பான 269 சதுர அடிக்கு வகுத்தால் 892 ரூபாய். நூறு நாள் வேலையில் 90 நாள் கூலி, கழிப்பறைக்கு 12,000 ரூபாய் இவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று அந்தத் திட்டத்தின் விதியில் இருந்தது. இத்தனையும் சேர்த்தாலும், பாளையங்கோட்டையில் எந்தக் கொத்தனாரிடம் கேட்டாலும் சதுர அடிக்கு இதைவிட நிறையவே சொல்வார். மிச்சத்தைக் குடும்பம்தான் போட வேண்டும்.

தொகை குறைவு என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. அதைவிடப் பெரிய அடி, பணம் வரும் வரிசை. வேலையை முடித்தால்தான் பணம். அதுவும் நான்கு கட்டமாக:

1. வானம் தோண்டி, கருங்கல் கட்டி, பேஸ்மட்டம் எழும்பிய பிறகு முதல் தவணை.
2. நிலை வைத்து, கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்துக்குச் சுவர் வந்த பிறகு இரண்டாவது.
3. கூரைக் கான்கிரீட் போட்ட பிறகு மூன்றாவது.
4. பூச்சு, கதவு, ஜன்னல், கழிப்பறை எல்லாம் முடிந்த பிறகு கடைசி.

ஒவ்வொரு கட்டத்திலும் ஓவர்சியர் வந்து, இடத்தின் குறியீட்டோடு படம் எடுத்து ஏற்றினால்தான் பணம் வங்கிக் கணக்குக்கு வரும். சிமென்டும் கம்பியும் ஊராட்சி ஒன்றியத்தின் மூலம் தந்து தொகையில் கழித்துக்கொள்வது வழக்கம்; அது ஓரளவு உதவி. ஆனால் கல், ஜல்லி, எம் சாண்ட் எனும் கல் உடைத்த மணல், செங்கல், கொத்தனார் சம்பளம், சித்தாள் சம்பளம் எல்லாம் கைக்காசு.

கூரை போடும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரக் கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகை வாடகைக்கு வர வேண்டும், கம்பி கட்டுகிறவர் வர வேண்டும், கலவை இயந்திரம் வர வேண்டும். ஒரே நாளில் பத்துப் பதினைந்து பேருக்குக் கூலி, மத்தியானச் சாப்பாடு. அப்புறம் இரண்டு வாரமாவது கூரையில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். அதுவரை பலகை வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். இத்தனையும் செலவழித்த பிறகுதான் கூரைக்கான தவணை வருகிறது. தினக்கூலிக் குடும்பத்திடம் இந்தப் பணம் எங்கே இருக்கும்? நகையை அடகு வைப்பார்கள், சுய உதவிக் குழுவில் எடுப்பார்கள், கடைசியில் வட்டிக்குக் கொடுப்பவரிடம் போவார்கள். கந்துவட்டிக்கு எதிராக 2003 முதல் சட்டம் இருக்கிறது. இருந்தும் 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் குழந்தைகளோடு தீக்குளித்தது. இந்த மாவட்டத்தில் ஏழைக் குடும்பத்தை வட்டிக் கடன் பக்கம் தள்ளும் எந்த ஏற்பாட்டையும் சாதாரண நிர்வாக விஷயமாகப் பார்க்க முடியாது.

குடிசையை இடித்த இடத்திலேயே வீடு கட்டுவதால், கட்டி முடியும் வரை குடும்பம் எங்கே இருக்கும் என்பது இன்னொரு கேள்வி. பக்கத்தில் தார்ப்பாய் கட்டி இருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் பாதியில் நின்றுவிட்டால் தார்ப்பாய்க்குள் ஒரு மழைக்காலம் முழுவதும் போகும்.

என் கருத்தில், தொகையை ஐம்பதாயிரம் கூட்டுவதைவிட முதல் தவணையை வேலை தொடங்கும் முன்பே கொடுப்பது அதிகம் பேரைக் காப்பாற்றும். வாங்கிக்கொண்டு கட்டாமல் விட்டுவிடுவார்கள் என்ற பயம் அதிகாரிகளுக்கு இருக்கிறது. முன்பணத்தைக் கல்லாகவும் ஜல்லியாகவும் மனையில் இறக்கினால் அந்தப் பயத்துக்கும் இடமில்லை.

ஒரே வரைபடம், பல மண்

நெல்லைச் சீமையில் ஒரே மண் கிடையாது. ஆற்றுப் படுகையில் வண்டல், வடக்கே கரிசல், திசையன்விளைப் பக்கம் செம்மணல் தேரி, கடற்கரையில் உப்புக் காற்று. கரிசல் மழையில் வீங்கும், கோடையில் வெடிக்கும். அதில் சாதாரண ஆழத்தில் போட்ட அஸ்திவாரம் சில வருடங்களில் சுவரைக் கீறிவிடும். ஆழமாகத் தோண்டி, கரிசலை எடுத்துவிட்டு மணலோ கிராவலோ நிரப்ப வேண்டும். செலவு பேஸ்மட்டத்திலேயே தீர்ந்துவிடும். உவரி, கூடுதாழை போன்ற கடலோர ஊர்களில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். கம்பிக்கு வெளியே கான்கிரீட் போதிய கனத்தில் மூடியிருக்க வேண்டும். இந்த எல்லா இடத்துக்கும் தொகை ஒன்றுதான்.

தாழையூத்தில் 1949 முதல் சிமென்ட் ஆலை ஓடுகிறது. சிமென்ட் பிறக்கும் மாவட்டத்தில் இருப்பதால் ஏழைக்கு விலையில் பெரிய சலுகை ஒன்றும் இல்லை. சிமென்டுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில்தான் 18 ஆகக் குறைந்தது. தாமிரபரணியில் மணல் அள்ள உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2010இல் தடை போட்டது, ஆற்றைக் காக்க அது தேவையும்கூட. அதன் பிறகு கிரஷர் எம் சாண்ட்தான்.

வெயிலையும் சொல்லியாக வேண்டும். நான்கு அங்குலக் கான்கிரீட் கூரை பகலெல்லாம் சூடேறி, ராத்திரி அந்தச் சூட்டை உள்ளே இறக்கும். பனை ஓலைக்கு அடியில் தூங்கிப் பழகியவர்கள் புது வீடு கிடைத்த பிறகும் முற்றத்தில் படுப்பது இதனால்தான். கூரைக்கு மேல் தட்டோடு பதிப்பது, வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது, சுவரில் செங்கலை இடைவெளி விட்டு நிறுத்திக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறை எல்லாம் சூட்டைக் குறைக்கும். எலிப்பொறிக் கட்டில் செங்கலும் கால்வாசி மிச்சமாகும். பக்கத்துக் கேரளத்தில் லாரி பேக்கர் இதைப் பெரிய அளவில் கட்டிக் காட்டியிருக்கிறார். நம் கொத்தனார்களுக்கு ஒருமுறை பயிற்சி கொடுத்தால் போதும்.

மாநகரில்: வீடு கிடைக்கும், வேலை தூரமாகும்

நகர்ப்புறத்தில் கணக்கு வேறு. 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம்தான் 2021 முதல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். மனை இல்லாதவர்களுக்கு அது அடுக்குமாடி கட்டித் தருகிறது. நெல்லையில் இந்தத் தேவையை 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் வெள்ளம் எல்லாருக்கும் காட்டியது. சிந்துபூந்துறை, கைலாசபுரம், மீனாட்சிபுரம் என ஆற்றோரத் தெருக்களில் தண்ணீர் ஏறியது. ஊறிய மண் சுவர் தண்ணீர் வடிந்த பிறகும் சரியும். அதனால் மழை நின்ற மறுநாளும் ஆபத்து.

ஆற்றோரத்தில் இருப்பவர்களை மாற்றுவது அவசியம். எங்கே மாற்றுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டவுனில் சுமை தூக்குகிறவர், சந்திப்பில் பூ விற்கிறவர், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர் இவர்கள் எல்லாரும் நடந்து போகும் தூரத்தில் வேலை இருப்பதால்தான் ஆற்றோரத்தில் இருந்தார்கள். ஊருக்கு வெளியே மூன்றாவது மாடியில் வீடு கொடுத்தால், விடிகாலை பஸ் இல்லாத நாளில் வேலை போய்விடும். பீடி சுற்றும் பெண்ணுக்கு இலை வாங்கவும் சுற்றிய பீடிக் கட்டுகளைக் கொடுக்கவும் கடை பக்கத்தில் வேண்டும். சிலர் ஒதுக்கிய வீட்டை உள்வாடகைக்கு விட்டுவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கு முன் பஸ் நேரத்தைப் பார்க்க வேண்டும்.

மலையில்: வேலை போனால் வீடும் போகும்

மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த தேயிலைத் தோட்டங்கள். குத்தகை 2028இல் முடிகிறது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி தொழிலாளிக்கு வீடு தருவது நிறுவனத்தின் கடமையாக இருந்தது. ஆக, தலைமுறைகளாக லயன் எனும் வரிசை வீடுகளிலேயே குடும்பங்கள் வாழ்ந்தன. 2024இல் விருப்ப ஓய்வு என்று தொழிலாளர்களை வெளியேறச் சொன்னபோது ஒரு விஷயம் பட்டென்று தெரிந்தது. அவர்களுக்குச் சமவெளியில் ஒரு சென்ட் நிலம் இல்லை, சொந்த ஊர் என்று ஒன்றும் இல்லை. குடிசையில் இருந்தார்கள் என்று எழுத முடியாது, ஏனென்றால் அவர்கள் இருந்தது கட்டடத்தில். பட்டா காட்டவும் முடியாது. இதுவரை சொன்ன விதிகள் எல்லாவற்றுக்கும் வெளியே இருக்கும் குடும்பங்கள் இவை. இவர்களுக்குத் தனி அரசாணை, மனையோடு சேர்ந்த வீடு என்பதைத் தவிர வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை.

பெயர் வராதவர்கள் என்ன செய்யலாம்

1. ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பட்டியலை முழுதாக வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். விடுபட்டதைத் தீர்மானத்தில் எழுதச் சொல்ல வேண்டும், வாய்வார்த்தை பதிவாகாது.

2. மனைச் சிக்கல் இருப்பவர் வீட்டுக்கு மனுப் போடும் முன் பட்டாவுக்குப் போட வேண்டும். வருடந்தோறும் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஊர் நிலக் கணக்குகளைச் சரிபார்க்க நடக்கும் ஜமாபந்தி இதற்கு ஏற்ற இடம். மே, ஜூன் வாக்கில் வரும்.

3. கூட்டுப் பட்டாவாக இருந்தால் வாரிசுச் சான்றை இப்போதே எடுத்து வைக்க வேண்டும். பெயர் வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது.

4. வீட்டை மனைவி பெயரிலோ இருவர் பெயரிலோ வாங்குவதற்குப் பிரதமர் திட்டத்தில் இடமிருக்கிறது. பட்டாவிலும் அவ்வாறே கேளுங்கள்.

5. தொகுப்பு வீடு இடியும் நிலையில் இருந்தால், புது வீடு கேட்காமல் மறுகட்டுமானம் என்றே மனுவில் எழுத வேண்டும். கூரையில் தெரியும் கம்பி, காரை பெயர்ந்த இடம், வீட்டு எண் மூன்றும் தெரியும்படி படம் எடுத்து இணைக்கலாம். மனு கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொண்டு, அடுத்த கிராம சபையில் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும்.